அம்மாவுக்கான விசாவும் ஆறு ஆண்டுக் காத்திருப்பும்

சென்ற ஓராண்டுக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். மூவரும் சிட்னியின் மேற்குப் புறநகரங்களில் வாழும் தமிழர்கள். மூவரும் ஊருக்குப் போய் அப்பாவின் காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பியவர்கள். "அம்மா தனியாக இருக்கிறார், இங்கேயே நிரந்தரமாக அழைத்துக்கொள்ள எந்த விசா எடுக்க வேண்டும்?" என்பதே அந்தக் கேள்வி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் பத்து நிமிடத்துக்குள் அதற்கு முழுமையாகப் பதில் சொல்லிவிட முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். 2018-ல் அப்பா தவறியபோது நானும் இதே கேள்வியோடு அலைந்தேன். எனக்குத் தெரிந்தவரை, அப்போதே அது காலம் கடந்து கேட்கப்பட்ட கேள்வி.

ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான நிரந்தர விசா இரண்டு வகைப்படும். முதல் வகையான 103 விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 5,000 டாலரை ஒட்டி வரும். அதற்குமேல் பெரிய தொகை எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் இன்று புதிதாக விண்ணப்பிக்கும் ஒருவர் 30 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று உள்துறை அமைச்சே தன் இணையதளத்தில் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு அந்த விசா எந்த வயதில் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் வகை, 2003-ல் கொண்டுவரப்பட்ட பங்களிப்பு விசா. நம்மவர்கள் பேச்சில் வெறும் '143'. இதற்கு விண்ணப்பக் கட்டணத்துடன், இறுதிக் கட்டத்தில் தலைக்கு 43,600 டாலர் கட்ட வேண்டும். அம்மா அப்பா இருவருக்குமாகச் சேர்த்தால், அரசு பத்து ஆண்டுகளுக்குப் பிடித்துவைத்துக்கொள்ளும் 14,000 டாலர் பிணைத் தொகையும் கூடி, ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடும். நம் ஊர்க் கணக்கில் அது ஐம்பது லட்ச ரூபாய்க்கு மேல். இவ்வளவு பணம் கட்டினாலும் உடனே விசா கிடைத்துவிடுவதில்லை. 2024-ல் அரசு தந்த மதிப்பீட்டின்படி புதிய விண்ணப்பத்துக்குக் குறைந்தது 14 ஆண்டுகள் ஆகும்.

இந்த நீண்ட வரிசைக்குக் காரணம் எளிமையானது. ஆண்டுதோறும் பெற்றோருக்கென்று ஒதுக்கப்படும் இடங்கள் அண்மை ஆண்டுகளில் 8,500 மட்டுமே; அவற்றில் பெரும்பகுதி பணம் கட்டுகிறவர்களின் வரிசைக்குப் போகிறது. காத்திருப்போரின் எண்ணிக்கையோ ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டதாக, மார்ட்டின் பார்க்கின்சன் தலைமையிலான குடியேற்ற ஆய்வுக் குழு 2023-ல் அறிக்கை தந்தது. அனேகமாக ஒருபோதும் கிடைக்கப்போகாத ஒரு விசாவுக்கு மக்களை விண்ணப்பிக்க விடுவது கொடுமையானது, தேவையற்றது என்று அந்த அறிக்கை நேரடியாகவே குறிப்பிட்டது. அதைப் படித்த அன்று, யாரோ ஒருவர் நம் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதியதைப் போல இருந்தது. பணம் கட்டாத வரிசையை 2014 ஜூனில் அரசு மூடிவிட்டதையும், அதே ஆண்டு செப்டம்பரில் செனட் அந்த முடிவை ரத்து செய்து அதை மீண்டும் திறக்க வைத்ததையும் இங்கே சொல்ல வேண்டும். இன்று திறந்திருக்கும் கதவு நாளையும் திறந்தே இருக்கும் என்று நம்பி யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

பணத்துக்கும் முன்னால் வரும் தடை ஒன்று இருக்கிறது. பலர் அதைக் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். 'பேலன்ஸ் ஆஃப் ஃபேமிலி' என்று சொல்லப்படும் அந்தக் குடும்பச் சமநிலைத் தேர்வின்படி, பெற்றோரின் பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழ வேண்டும். அல்லது வேறு எந்த ஒரு நாட்டில் இருப்பவர்களையும்விட ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் அதிகமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நானும் சென்னையில் இருக்கும் தம்பியும் மட்டும்தான். இரண்டில் ஒன்று பாதி என்பதால் அம்மா தேறிவிட்டார். ஆனால் இங்கே எனக்கு மிகவும் நெருக்கமான யாழ்ப்பாணத்து நண்பரின் நிலை வேறு. அவருடைய அக்கா டொரன்டோவில் இருக்கிறார், அண்ணா லண்டனில் இருக்கிறார், இவர் சிட்னியில். மூன்று பிள்ளைகள், மூன்று நாடுகள். பாதியும் இல்லை, அதிகமும் இல்லை. போர் காரணமாக ஆளுக்கொரு திசையில் சிதறிப்போன ஒரு குடும்பத்தைப் பார்த்து, "உங்கள் பிள்ளைகள் போதுமான அளவில் ஓரிடத்தில் இல்லை" என்று ஒரு விதி சொல்கிறது என்பதை அவர் என்னிடம் விளக்கியபோது என்னால் பதில் எதுவும் பேச முடியவில்லை. ஐந்து பிள்ளைகளில் இருவர் இங்கே இருந்து, மற்ற மூவரும் மூன்று வெவ்வேறு நாடுகளில் இருந்தால் அந்தத் தாய் தேறிவிடுவார். ஒரே ஒருவர் மட்டும் இங்கேயும் மற்ற இருவர் ஊரிலும் என்றால் தேற முடியாது. மூன்று பிள்ளைகள் உள்ள வீடுகள் ஏராளமாக இருக்கும் நம் சமூகத்தில், விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட வேண்டும். தற்காலிக விசாவில் இங்கே படிக்கும் தங்கையை ஆஸ்திரேலியாவில் வாழ்பவராகக் கணக்கில் சேர்க்க முடியாது.

நண்பரின் குடும்பம் மற்ற நாடுகளையும் விசாரித்துப் பார்த்தது. கனடாவில் 'சூப்பர் விசா' எடுத்தால் 2022 முதல் ஒவ்வொரு வருகையிலும் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலர் மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது நிரந்தர வாழ்வுரிமை தருவதில்லை. பிரிட்டனிலோ 2012 ஜூலைக்குப் பின், அன்றாடக் காரியங்களுக்கே பிறர் துணை தேவைப்படும் நிலையில் இருந்து, பிள்ளை பணம் அனுப்பினாலும் அந்தத் துணை சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிறுவினால்தான் வழி உண்டு. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற, 21 வயது நிரம்பிய பிள்ளை ஒருவர் அந்தக் குடும்பத்தில் இருந்திருந்தால் நிலைமையே வேறாக இருந்திருக்கும். அங்கே அத்தகைய பெற்றோருக்கு ஆண்டு வரம்பு கிடையாது. கடைசியில் நண்பர் தேர்ந்தெடுத்தது ஆஸ்திரேலியாவின் 870 விசா.

2019-ல் தொடங்கிய இந்த 870, தற்காலிக விசா. குடும்பச் சமநிலைத் தேர்வு இதற்கு இல்லை என்பதே இதன் பெரிய ஆறுதல். மூன்று ஆண்டுகளுக்கோ ஐந்து ஆண்டுகளுக்கோ எடுக்கலாம். மறுபடியும் எடுத்து மொத்தம் பத்து ஆண்டுகள் வரை தங்கலாம். தொடங்கியபோது மூன்று ஆண்டுக்கு 5,000 டாலர், ஐந்து ஆண்டுக்கு 10,000 டாலர் என்று இருந்த கட்டணம் இப்போது சற்றுக் கூடியிருக்கிறது. முதலில் பிள்ளை தன்னை ஸ்பான்சராகப் பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். வரிக்குரிய குடும்ப வருமானம் 83,000 டாலருக்கு மேல் இருக்க வேண்டும். இதில் கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்துக் காட்டலாம். வேலை செய்ய அனுமதி இல்லை, மருத்துவக் காப்பீடு தொடர்ந்து இருக்க வேண்டும், பொது மருத்துவமனையில் கடன் நின்றால் பிள்ளைதான் பொறுப்பு. பத்தாவது ஆண்டு முடியும்போது எண்பது வயதைத் தாண்டிய ஒரு தாயை எங்கே திருப்பி அனுப்புவது என்ற கேள்விக்கு இந்த விசாவிடம் பதில் இல்லை. நண்பர் அதை அறிந்தே எடுத்திருக்கிறார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தவறிய சில மாதங்களில் அம்மாவை மூன்று மாத வருகை விசாவில் அழைத்துவந்தேன். இங்கே ஒரு விசா ஆலோசகரிடம் பணம் கட்டி அந்த வேலையை ஒப்படைத்திருந்தேன். குடும்பத்தார் ஸ்பான்சர் செய்யும் பிரிவில் அவர் விண்ணப்பித்தார். அந்தப் பிரிவில் வரும் விசாவோடு 8503 என்ற நிபந்தனை கட்டாயமாகச் சேர்ந்துவரும் என்பதையும், அந்த நிபந்தனை இருந்தால் நாட்டுக்குள் இருந்துகொண்டு தங்கும் காலத்தை நீட்டிக்க முடியாது என்பதையும் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. விசாக் கடிதத்தில் அந்த எண் இருந்தது. நான்தான் அதன் பொருளைத் தேடிப் படிக்கவில்லை. வந்த எழுபதாவது நாள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடக்கை மணிக்கட்டு முறிந்தது. இன்னும் இரண்டு மாதம் வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று நினைத்தபோதுதான் அந்த நான்கு இலக்கங்கள் கண்ணில் பட்டன. நிபந்தனையிலிருந்து விலக்குக் கேட்க வழி உண்டு, ஆனால் அதற்கு மிக வலுவான காரணம் வேண்டும். கட்டுப்போட்ட கையோடு அம்மா விமானத்தில் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் எங்களிடம் அந்தக் காரணமும் இல்லை. சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் பயணத்தில், மாவுக் கட்டுக்கு மேல் சேலைத் தலைப்பைப் போர்த்தி மறைத்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, வலக்கையால் மட்டும் பாஸ்போர்ட்டைப் பிடித்தபடி அம்மா திரும்பிப் பார்த்ததை நான் மறக்கவில்லை. ஆகவே விசா வந்ததும் முதலில் காலாவதித் தேதியைப் பார்க்காதீர்கள். கீழே எழுதியிருக்கும் நிபந்தனை எண்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடுங்கள். ஓய்வூதிய வயதான 67-ஐக் கடந்த பெற்றோர் இந்த நாட்டுக்குள் இருந்தபடியே விண்ணப்பிக்கக்கூடிய 804, 864 விசாக்களின் வழியையும் இதே 8503 அடைத்துவிடுகிறது.

அந்த 804-ஐப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதை ஒரு குறுக்கு வழி போலப் பேசுகிறார்கள். இங்கே வந்த பின் விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை தங்குவதற்குப் பிரிட்ஜிங் விசா கிடைக்கும் என்பது உண்மைதான். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் முடிவு வர 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம் என்பதும், அதுவரை இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவருக்கு அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடையாது என்பதும், ஊரில் ஒரு கல்யாணமோ சாவோ என்றால் முன்கூட்டியே வேறொரு பிரிட்ஜிங் விசா வாங்கிக்கொண்டுதான் வெளியே போய்த் திரும்ப முடியும் என்பதும் சேர்ந்தே உண்மை. உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர் திருச்சியைச் சுற்றியே இருக்கும் என் அம்மாவுக்கு அது சரிப்படாது என்று முடிவு செய்தேன். ஊரில் யாருமே இல்லாத ஒரு தாய்க்கு அதுவே சரியான முடிவாகவும் இருக்கலாம்.

2019-ல் அம்மாவுக்காக 143 விண்ணப்பத்தை நானே தயார் செய்தேன். 47பிஏ என்ற நீண்ட படிவத்தைக் காகிதத்தில் நிரப்பி, மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் உள்ள அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. எங்களைத் தடுமாற வைத்தது படிவம் அன்று, பெயர். அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. 1951-ல் அந்தக் கிராமத்தில் யாரும் பதிவு செய்யவில்லை. பள்ளிச் சான்றிதழில் அம்மாவின் பெயர் ஒரு விதமாகவும், என் பிறப்புச் சான்றிதழில் ஓர் ஆங்கில 'எச்' கூடுதலாகவும், பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகவும் இருந்தன. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிறுவ, நோட்டரி முன்னிலையில் எழுதிய உறுதிமொழிப் பத்திரத்தோடு, அப்பாவின் ரயில்வே பணிப் பதிவேட்டில் இருந்த குடும்ப விவரப் பக்கத்தையும் இணைத்தோம். பீரோவுக்குள் மஞ்சள் தடவிய ஓரம் மங்கிப்போய்க் கிடந்த 1974-ஆம் ஆண்டுக் கல்யாணப் பத்திரிகையையும் தம்பி படமெடுத்து அனுப்பிவைத்தான். பெற்றோரின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே பெயரை எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி ஆக்கிவைப்பது, விண்ணப்பிக்கும் ஆண்டில் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

நான்கைந்து ஆண்டுகளில் வந்துவிடும் என்றுதான் அன்று எல்லோரும் பேசிக்கொண்டோம். ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அம்மாவுக்கு வயது 74. இன்னும் வரிசையில்தான் இருக்கிறோம். எனினும் விண்ணப்பித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. 43,600 டாலரை அவர்கள் கேட்கும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் கட்ட வேண்டும். வரிசையில் இடம் பிடிக்க முதல் கட்டணம் மட்டும் போதும். வேண்டாம் என்று தோன்றினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அந்த முதல் கட்டணம் மட்டும் திரும்பி வராது. இதனால்தான், அப்பாவும் அம்மாவும் அறுபதை ஒட்டிய வயதில், உடம்பு தெம்பாக, "அங்கே வந்து நாங்கள் என்ன செய்வது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பிள்ளை இங்கே நிரந்தர வாழ்வுரிமை பெற்று, வழக்கமாக இரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் ஸ்பான்சர் செய்யலாம். உடல்நலப் பரிசோதனை வரிசையின் இறுதியில்தான் வருகிறது என்பதால், காத்திருப்பில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பரிசோதனையைக் கடினமாக்குகிறது. அப்பா இருந்தபோதே, 2014-ல் எனக்கு நிரந்தர வாழ்வுரிமை வந்த இரண்டாம் ஆண்டே நான் இதைச் செய்திருந்தால், இந்நேரம் அம்மாவின் கையில் மெடிகேர் அட்டை இருந்திருக்கும்.

வரிசையில் இருப்பதால் கிடைக்கும் இன்னொரு நன்மையைப் பலர் அறிவதில்லை. வெளிநாட்டிலிருந்து பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களுக்கு, பலமுறை வந்துபோகக்கூடிய, ஐந்து ஆண்டுகள் வரை செல்லும் 600 வருகை விசா கொடுக்கப்படலாம். ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு மாதம் வரை தங்கலாம். ஆனால் அதில் 8558 என்ற நிபந்தனை இருந்தால், எந்தப் பதினெட்டு மாதக் காலத்தை எடுத்துக்கொண்டாலும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே இருந்திருக்கக் கூடாது. என் அம்மாவுக்கு இந்த விசாதான் உண்மையில் வாழ்க்கையாகிவிட்டது. 2022-ல் அவரிடம் உட்கார்ந்து, நிரந்தர விசா கிடைத்தால் பொன்மலை வீட்டைக் காலி செய்யலாமா என்று கேட்டேன். காலையில் வாசலில் கீரைக்காரம்மா வருவதையும், வெள்ளிக்கிழமை கோயிலுக்குத் தானாகவே நடந்து போய் வருவதையும் சொல்லிவிட்டு, "இங்கே நீ கார் எடுத்தால்தானே நான் வெளியே போக முடியும்? ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே இருக்கிறேன்" என்றார். அதுவரை நான்கு ஆண்டுகளாக அம்மாவுக்காக நான் ஓடியிருந்தேன். இந்தக் கேள்வியை அன்றுதான் முதன்முதலாக அவரிடம் கேட்டேன்.

இப்படி வந்துபோகிறவர்களுக்கு நடைமுறையில் மூன்று காரியங்கள் முக்கியம். முதலில் மருந்து. பயணி தன் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்குத்தான் மருந்து கொண்டுவரலாம். மருத்துவரின் சீட்டும் கையில் இருக்க வேண்டும். ஆறு மாதம் தங்கும் அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை மூன்றாவது மாதத்தோடு தீர்ந்துவிடும். அதற்குமேல் இங்கேயே ஒரு குடும்ப மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குகிறோம். அடுத்தது காப்பீடு. வெளிநாட்டு வருகையாளருக்கான காப்பீட்டில், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் என்று நம் பெற்றோருக்கு இருப்பவை எல்லாம் ஏற்கெனவே இருக்கும் நோய்களே. வாங்கும்போது விலையை மட்டும் ஒப்பிடாமல் அந்த ஒரு பத்தியையாவது முழுவதும் படிக்க வேண்டும். எழுபத்தைந்து வயதைத் தொட்டவர்களுக்கு வருகை விசாவுக்கே மருத்துவப் பரிசோதனை கேட்கப்படும். எங்களுக்கு அது அடுத்த ஆண்டு வருகிறது. கடைசியாக ஓய்வூதியம். மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மா ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று தர வேண்டும். முன்பெல்லாம் அதற்காகவே நவம்பருக்கு முன் ஊர் திரும்புவார். இப்போது ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடுகிறோம்; ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண்ணை இமைக்கச் சொன்னால் வேலை முடிந்துவிடும்.

அம்மா ஒரு பழைய ரயில்வே டைரியின் கடைசிப் பக்கங்களில் தன் வருகைகளை எழுதிவைக்கிறார். வந்த தேதி, போன தேதி, இருந்த நாட்கள் என்று மூன்று பத்தி. நாட்களை விரல் விட்டு எண்ணிக் கூட்டி, அடியில் கோடு போட்டிருக்கிறார். பதினெட்டு மாதக் கணக்கை நான் கணினியில் போட்டுவைத்திருக்கிறேன். ஆனால் போன வாரம் இரண்டையும் ஒப்பிட்டபோது தவறு என்னுடையதில் இருந்தது. சிட்னியில் வந்திறங்கிய நாளை நான் எண்ணாமல் விட்டிருந்தேன், அம்மா எண்ணியிருந்தார். அவர் கணக்குப்படியே திரும்பும் பயணச்சீட்டை ஒரு நாள் முன்னால் மாற்றியிருக்கிறேன்.